பட்டாளத்தில் எப்போது வயதாகிறது?

2025 மே மாதம், சண்டை மூண்டுவிடும் என்று நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த வாரத்தில், வெளியே வேறு வேலை பார்ப்பவர்களைக் கொண்ட பகுதிநேரப் படையான டெரிட்டோரியல் ஆர்மியைத் தேவைப்பட்டால் அழைத்துக்கொள்ளலாம் என்று ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. இருக்கிற 32 காலாட்படை பட்டாலியன்களில் 14 என்று உத்தரவில் இருந்தது. அந்தச் செய்தி திருமங்கலம் பக்கம் வந்து சேர்வதற்குள் "ரிட்டயர்டு ஆனவங்களையெல்லாம் திரும்பக் கூப்பிடுறாங்களாம்" என்று ஆகிவிட்டது. முன்னாள் படைவீரர்களின் வாட்ஸ்அப் குழுவில் "கூப்பிட்டால் தயார்" என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். என் சித்தப்பாவும் போட்டார். அவருக்கு அப்போது 64 வயது. சித்தி அடுப்படியிலிருந்தே, "மாடிக்கு ஏறச் சொன்னா முழங்கால் வலிங்கிற ஆளு, பனிமலைக்குப் போறாராம்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். சித்தப்பா சிரிக்கவில்லை. "இப்ப முட்டி வலிக்குது, சரி. 44 வயசுல ஒரு கோளாறும் இல்லாம இருந்தேனேடா, அப்ப ஏன் அனுப்புனான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அன்றிலிருந்து இந்த ஓய்வு வயது விவகாரத்தைத் தோண்டிக்கொண்டே இருக்கிறேன்.

சித்தப்பா 1979இல் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பெங்களூரில் பயிற்சி. பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது, பாதை வெட்டுவது என்று வேலை. 2005இல் ஹவில்தாராக வெளியே வந்தார். ஊரில் இதற்கு "பென்சன் வந்துட்டார்" என்று சொல்வார்கள். பென்சன் வந்தவருடைய மகள் அப்போது எட்டாம் வகுப்பு. மகன் அதற்கும் கீழே. பக்கத்து வீட்டு வாத்தியார் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு ஓய்வுபெற இன்னும் சில வருடம் பாக்கி இருந்தது. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது அப்போது 58. பிறகு 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது.

சும்மா இருக்க முடியுமா? மதுரையில் ஒரு வங்கியில் காவலராகச் சேர்ந்தார். வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கிற வேலை. 60 வயது வரை நின்றார். துப்பாக்கி பிடிக்க வயதாகிவிட்டது என்று 44இல் அனுப்பப்பட்டவர் கையில் இன்னொரு துப்பாக்கியைக் கொடுத்துப் பதினைந்து வருடம் நிற்கவைத்தது அதே அரசின் வங்கி. மதுரையில் பாதி வங்கி வாசல்களிலும், முன்னாள் படைவீரர்களுக்கான தமிழக அரசு நிறுவனமான டெக்ஸ்கோவின் ஆட்கள் நிற்கும் அலுவலக வாசல்களிலும் நடப்பது இந்தக் கதைதான்.

ராணுவத்தின் விதி இப்படி இருக்கிறது. சிப்பாய்க்கு அடுத்த படிகளான நாயக், ஹவில்தாருக்கு வயது உச்சவரம்பு 49. நாயப் சுபேதாருக்கும் சுபேதாருக்கும் 52. சுபேதார் மேஜருக்கு 54. இதில் ஒரு கொக்கி உண்டு: வயதுக்கு முன்னால் சர்வீஸ் வருடம் முடிந்துவிட்டால் அப்போதே கிளம்ப வேண்டும். ஹவில்தாருக்கு 24 வருடம், தேர்வானால் இன்னும் 2. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் 44இல் வெளியே. சிப்பாயாகவே இருப்பவர் 40 வயதைத் தொடுவதற்கு முன்பே ஊர் வந்துவிடுவார். மேலே போகப் போகக் கணக்கு மாறுகிறது. கர்னல் 54, பிரிகேடியர் 56, மேஜர் ஜெனரல் 58, லெப்டினன்ட் ஜெனரல் 60. தளபதிக்கு 62 அல்லது மூன்று வருடப் பதவிக்காலம், எது முந்துகிறதோ அது. முப்படைத் தலைமைத் தளபதிக்கு 65. ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது. குன்னூரில் வாழ்ந்த மானெக்ஷா 2008இல் இறக்கும்வரை, 94 வயதிலும், சட்டப்படி பணியில் இருந்த ராணுவ அதிகாரிதான்.

வயது என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, இது பதவி வரிசை. மேலே உள்ளவர் மூளையால் வேலை செய்கிறார், கீழே உள்ளவர் மூட்டையைச் சுமக்கிறார், அதனால் கீழே உள்ளவர் இளைஞராக இருக்க வேண்டும் என்பது சொல்லப்படும் காரணம். பதினெட்டாயிரம் அடியில் ரோந்து போகிற காலாட்படை வீரனுக்கு இது முழுக்கப் பொருந்தும். ஸ்டோர் கணக்கு எழுதுகிற ஹவில்தாருக்கு? ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிற மெக்கானிக்குக்கு? ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற நர்சிங் உதவியாளருக்கு? அவர்களுக்கு 44 என்பது தொழில் கனிந்துவருகிற வயது.

இந்தக் காரணத்தின் இடுப்பை ஒடிக்கிற ஆதாரம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. சித்தப்பாவோடு ஒன்றாகப் படித்தவர் ஒருவர் மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒன்றான சிஆர்பிஎஃப்பில் சேர்ந்தார். காஷ்மீர், சத்தீஸ்கர், மணிப்பூர் என்று சுற்றியவர். பதுங்குகுழியில் படுத்தது, காட்டுக்குள் நடந்தது எல்லாம் சித்தப்பாவுக்குக் குறைவில்லாமல் செய்தவர். அவர் 57 வயது வரை இருந்தார், 2018 வரை. அதற்கு அடுத்த வருடம் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து மத்திய உள்துறை எல்லா மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கும், எல்லாப் பதவிக்கும், ஒரே வயது என்று 60ஐ அறிவித்தது. ஸ்ரீநகரில் ஒரே தெருமுனையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இருவரில், பச்சை உடுப்புக்காரர் 40க்கு வீட்டுக்குப் போவார், காக்கி உடுப்புக்காரர் 60 வரை நிற்பார். முழங்காலுக்கு உடுப்பின் நிறம் தெரியுமா?

நியாயமாகச் சொன்னால், ராணுவத்தின் பக்கம் ஒரு வலுவான காரணம் இருக்கிறது. அது உடம்பைப் பற்றியது மட்டுமல்ல. டவுன் பஸ்ஸில் பெரியார் ஸ்டாண்டில் யாரும் இறங்கவில்லை என்றால் சிம்மக்கல்லில் யாரும் ஏற முடியாது. ஆயிரம் லெப்டினன்ட்டுகள் சேர்கிற இடத்தில் ஒரு கைப்பிடி ஜெனரல் பதவிகள்தான் உண்டு. மேலே இருப்பவர் நகராவிட்டால் கீழே உள்ள நல்ல மேஜர் மேஜராகவே நரைத்துப்போவார். 1999 கார்கில் போரில் இது வெளிச்சத்துக்கு வந்தது. போருக்குப் பிறகு கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த மறுஆய்வுக் குழு, ராணுவம் இளமையாக வேண்டும், வீரர்களின் சர்வீஸை 17 வருடத்திலிருந்து ஏழு முதல் பத்து வருடமாகக் குறைத்து, பிறகு அவர்களைத் துணை ராணுவப் படைகளுக்கு அனுப்பலாம் என்றது. சுப்ரமணியம் திருச்சிக்காரர், இது உபரித் தகவல். அதன்பின் வந்த அஜய் விக்ரம் சிங் குழு, பட்டாலியன் கமாண்டர்களின் வயதைக் குறைக்கச் சொன்னது; 2004 இறுதியிலிருந்து பதவி உயர்வுகள் வேகப்பட்டன.

சுப்ரமணியம் குழு சொன்னதில் இரண்டு பாதி இருந்தது. சீக்கிரம் அனுப்பு என்பது ஒன்று, அனுப்புகிறவனை வேறு படையில் சேர்த்துக்கொள் என்பது மற்றொன்று. முதல் பாதியைப் பற்றியாவது பேசினார்கள், இரண்டாம் பாதியை இருபது வருடமாக யாரும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. என் கோபம் எல்லாம் அந்த இரண்டாம் பாதியின் மேல்தான்.

இந்த இடத்தில் என் பள்ளித் தோழனைக் கொண்டுவர வேண்டும். நரிமேட்டில் வளர்ந்தவன், இப்போது டெக்சாஸில் மயக்கவியல் மருத்துவன். அமெரிக்கக் குடிமகனான பிறகு, 41 வயதில், அந்த நாட்டு ராணுவத்தின் ரிசர்வ் படையில் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்தான். மாதத்துக்கு ஒரு வாரக்கடைசி, வருடத்துக்கு இரண்டு வாரம் பயிற்சி. மற்ற நாள் ஆஸ்பத்திரி. போன முறை மதுரைக்கு வந்தபோது சித்தப்பாவைப் பார்க்கத் திருமங்கலம் போனோம்.

"அப்ப மாசத்துக்கு ரெண்டு நாள் போனா பென்சனா?" என்று சித்தப்பா கண்ணை உருட்டினார்.

"அவ்வளவு லேசா கொடுத்துருவானா சித்தப்பா? 20 வருஷம் வேணும். ஒவ்வொரு வருஷமும் 50 புள்ளி வேணும். அதுலயும் பென்ஷன் 60 வயசுல இருந்துதான் கையில வரும்."

அவன் விளக்கியது இது. படையில் உறுப்பினராக இருப்பதற்கே வருடத்துக்கு 15 புள்ளி. ஒரு வாரக்கடைசிப் பயிற்சிக்கு 4 புள்ளி. இரண்டு வார முகாமில் நாளுக்கு ஒன்று. 50 சேர்ந்தால்தான் அந்த வருடம் கணக்கில் ஏறும். இன்னொரு பக்கம், வெளியேற்றக் கத்தி இரண்டு தொங்குகிறது. ஒன்று சர்வீஸ்: லெப்டினன்ட் கர்னல் என்றால் அதிகாரியாக 28 வருடம், கர்னல் என்றால் 30. மற்றொன்று வயது: ஜெனரல் வரிசைக்குக் கீழே உள்ள ரிசர்வ் அதிகாரி எல்லோருக்கும் 62. இது 2006 வரை 60 ஆக இருந்தது. மேஜர் ஜெனரலுக்கு 64. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவனைச் சர்வீஸ் கத்தி முதலில் வெட்டும். நண்பனைப் போலப் பிந்திச் சேர்ந்தவனை வயதுக் கத்தி வெட்டும். அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருடம் அவன் அதிக நாள் மதுரையிலேயே இருந்துவிட்டான். அந்த வருடம் 50 புள்ளி சேரவில்லை. 61இல் முடிய வேண்டிய 20 வருடம் இப்போது 62இல்தான் முடியும். இன்னொரு வருடம் தவறினால் பென்ஷன் கதை கந்தலாகிவிடும்.

"அப்புறம் என்ன செய்வே?"

"டாக்டருங்கிறதால 68 வரைக்கும் நீட்டிக்கச் சட்டத்துல வழி இருக்கு சித்தப்பா. அவங்களுக்குத் தேவைன்னா வெச்சுக்குவாங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "பாத்தியா? தேவைன்னா வயசு இல்லை."

அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சைத் தொடரவில்லை. சித்தி போட்ட பணியாரத்தில் எல்லோர் கவனமும் போய்விட்டது. ஆனால் அவர் சொன்னது வெறும் வயிற்றெரிச்சல் அல்ல, அதற்கு வரலாறு இருக்கிறது.

ரிசர்வ் படைக்கு இப்படி வயதுக் கத்தி வந்ததற்குப் பின்னால் இரண்டாம் உலகப் போர் இருக்கிறது. அமெரிக்கா போருக்குத் தயாரானபோது, பல வருடங்கள் பதவி உயர்வே இல்லாமல் தேங்கிப்போன அதிகாரிகளோடு படை மெதுவாக இருப்பதை ராணுவத் தலைமை அதிகாரி ஜார்ஜ் மார்ஷல் கண்டார். 1940இல், ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்த மாலின் கிரெய்க் என்ற ஜெனரலைக் கூப்பிட்டு, யார் யாரை அனுப்பலாம் என்று பார்க்கச் சொன்னார். கிழவர்களைக் களையெடுக்க ஒரு கிழவரையே தலைவராகப் போட்டார்! மார்ஷலுக்கே அந்த வருடக் கடைசி நாளில் 60 நிறைந்தது. அவர் போர் முடியும்வரை பதவியில் இருந்தார். போருக்குப் பின் 'மேலே ஏறு, இல்லாவிட்டால் வெளியே போ' என்ற ஏற்பாடு நிரந்தரப் படைக்குச் சட்டமானது. ரிசர்வ் அதிகாரிகளின் பதவி உயர்வு, ஓய்வு விதிகளை 1994இல் தனிச் சட்டமாக ஒழுங்கு செய்தார்கள்.

அதே நாட்டில்தான் கிரேஸ் ஹாப்பரும் இருந்தார். ஐடி கம்பெனியில் இருப்பவர்களுக்கு கோபால் (COBOL) என்ற கணினி மொழி தெரிந்திருக்கும். அது உருவாக அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர். கடற்படையின் ரிசர்வ் அதிகாரி. 1966 கடைசியில், 60 வயதில், விதிப்படி ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். ஏழெட்டு மாதத்தில் கடற்படையின் கணினி நிரல்களை ஒழுங்குபடுத்த ஆள் இல்லாமல், ஆறு மாதத்துக்கு மட்டும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அந்த ஆறு மாதம் நீண்டது. 1971இல் மறுபடி ஓய்வு, அடுத்த வருடம் மறுபடி அழைப்பு. கடைசியாக 1986 ஆகஸ்டில் ரியர் அட்மிரலாக வெளியே வந்தபோது வயது 79. விதி எழுதியவர்கள் யாரும் விதியை மாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் அவருக்காக அதை ஓரமாக ஒதுக்கிவைத்தார்கள்.

நம் ஊரில் மட்டும் ஒதுக்கவில்லையா? மானெக்ஷா 1972 ஜூனில் ஓய்வுபெற வேண்டியவர்; நீட்டிப்பு கொடுத்தார்கள். 2024இல் ஜெனரல் மனோஜ் பாண்டே ஓய்வுபெற ஆறே நாள் இருக்கும்போது ஒரு மாத நீட்டிப்பு வந்தது. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் பிபின் ராவத் இறந்த பிறகு, முப்படைத் தலைமைத் தளபதி பதவி மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. 2022 ஜூனில் விதியைத் திருத்தி, ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல்களும் 62 வயதுக்குள் இருந்தால் அந்தப் பதவிக்கு வரலாம் என்றார்கள். ஒரு வருடத்துக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்த அனில் சவுகான் அப்படித்தான் திரும்பி வந்தார். கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், சில வருடங்களுக்குள் ராணுவ மருத்துவப் பணியிலிருந்து வெளியேறிய 400 மருத்துவர்களைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் எடுக்க உத்தரவு வந்தது. இவை எதுவும் தப்பில்லை. சொல்லப்போனால் நல்ல முடிவுகள். ஜெனரலுக்கும் டாக்டருக்கும் வளைகிற விதி, பாலம் கட்டத் தெரிந்த ஹவில்தாருக்கு மட்டும் இரும்பாக நிற்கிறதே என்பதுதான் பேச்சு.

ஒரு தேதி இவ்வளவு கனமாகிவிட்டால் அந்தத் தேதியைச் சுற்றிச் சண்டை வராமல் இருக்குமா? தளபதி வி.கே. சிங் பிறந்தது 1950ஆ 1951ஆ என்று ஆவணங்களுக்குள் முரண்பாடு வந்து, பதவியில் இருக்கும் தளபதியே அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்று, 1950 என்ற கணக்குப்படியே மே மாதம் ஓய்வுபெற்றார். டெல்லியில் அதைப் பெரிய அதிசயமாகப் பேசினார்கள். பேரையூர்ப் பக்கம் யாருக்கும் அது அதிசயமில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. பிறந்த தேதி தலைமையாசிரியர் போடுவது. ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் எங்கள் ஊரில் இவ்வளவு பேர் எப்படி என்று கேட்டால் எல்லா வீட்டிலும் சிரிப்பார்கள். சித்தப்பாவின் சிஆர்பிஎஃப் நண்பருக்கு ஹெட்மாஸ்டர் இரண்டு வருடம் தள்ளிப் போட்டிருந்தால், அந்த 60 வயது உத்தரவு அவருக்கும் கிடைத்திருக்கும். ஹெட்மாஸ்டர் அன்று என்ன நினைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாரோ.

சரி, நம் நாட்டில் ரிசர்வ் என்று ஒன்று கிடையவே கிடையாதா? சட்டம் இருக்கிறது, 1888இல் வெள்ளைக்காரன் போட்ட ரிசர்வ் படைச் சட்டம். அந்தக் காலத்து வீரர்களுக்குப் படையில் சில வருடம், பிறகு வீட்டில் இருந்தபடி ரிசர்வில் சில வருடம் என்று கணக்கு இருந்தது. இரண்டும் சேர்ந்து 15 வருடம் ஆனால் ரிசர்விஸ்ட் பென்ஷன். இப்போது அது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறது. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வெளியே வேலை பார்ப்பவர்கள் 42 வயது வரை அதில் அதிகாரியாகச் சேரலாம். ரயில்வேக்காரர்களுக்கும் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. தொழில் தெரிந்தவனை அந்தத் தொழிலுக்காகவே சீருடைக்குள் கொண்டுவருகிற நல்ல யோசனை அது. தோனிக்கும் மோகன்லாலுக்கும் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தார்களே, அதுவும் இதில்தான். கௌரவம் போகட்டும். 26 வருடம் கண்ணிவெடி எடுத்த ஹவில்தார் 44 வயதில் வெளியே வந்தால், 42 தாண்டிவிட்டது என்று அந்த அதிகாரிக் கதவும் சாத்தியிருக்கிறது.

என்னைக் கேட்டால், போர்முனைப் படைக்கு வயது வரம்பு கறாராகவே இருக்கட்டும். ரிசர்வுக்குப் பதவியை வைத்து வயது வைக்கக் கூடாது, தொழிலை வைத்து வைக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு வாரம் பயிற்சி, வருடாவருடம் மருத்துவப் பரிசோதனை. தேறினால் இரு, தேறாவிட்டால் போ. வெள்ளத்தில் பாலம் அடித்துப்போகும்போது சாப்பர்களைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை, எங்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். செலவாகுமே என்பார்கள். ஆகும். பென்ஷன் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு இரண்டு வாரச் சம்பளம் எவ்வளவு பெரிய செலவு என்று எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத இன்னொரு காரணம் இருக்கிறது. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டத்தின் முதல் அணி, நான்கு வருடம் முடித்து 2026 கடைசியிலிருந்து வெளியே வரத் தொடங்கும். நூற்றுக்கு 25 பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது. கள்ளிக்குடிப் பக்கத்து உறவுக்காரப் பையன் ஒருவன் அந்த அணியில் இருக்கிறான். போன லீவில் வந்தபோது சித்தப்பாவிடம்தான் யோசனை கேட்டான். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு, முதல் அணிக்கு ஐந்து வருட வயதுத் தளர்வு என்று 2022இல் அரசு சொன்னதை சித்தப்பா எடுத்துச் சொன்னார். பையன் அதெல்லாம் முன்பே விசாரித்து வைத்திருந்தான்.

"பட்டாளத்துலயே வெச்சுக்கிறேன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. அங்க நாப்பதுல மறுபடி வெளியே வரணும். சிஆர்பிஎஃப்னா 60 வரைக்கும் கேட்க ஆளில்ல" என்றான். சித்தப்பா மறுப்புச் சொல்லவில்லை. பரீட்சைக்கு என்ன புத்தகம் வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.